தவிட்டுக்கு வாங்கிய தாய்

கொடிமரத்துறைக் கோட்டைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வாசலில் நிற்கும் கருங்கல் பலகையை. அதில் பதினொரு தளபதிகளின் பெயர்களும், அவர்களில் மூவருடைய மனைவியரின் பெயர்களும், கோட்டை மணியை வார்த்துக் கொடுத்தவனின் ஊரும், ஒன்பதாம் தளபதியோடு கப்பலேறி வந்து வயிற்றுப்போக்கில் செத்துப்போன ஹெக்டர் என்கிற நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சடைச்சியின் பெயர் இல்லை. விடுபட்டுப்போனது என்று சொல்வது நாகரிகம். எழுதவில்லை என்பதே சரி.

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், திருச்சியிலிருந்து இரண்டு பேருந்து நிறைய வந்த பயணிகள் மதில்மேல் ஏறிக் கடலைப் பின்னால் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருக்க, கல்யாணத்துக்கு முன்பே கல்யாணப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வந்த ஒரு ஜோடி பீரங்கியின் மேல் சாய்ந்து சிரிக்கப் பழகிக்கொண்டிருக்க, மேற்கு முற்றத்தில் ‘மிளகு அறை’ என்று பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கும், முந்நூற்று ஐம்பது ஆண்டுகளாகத் திறந்தும் பூட்டியும் உள்ளே ஒன்றுமில்லை என்று ஊரே அறிந்திருந்த இருட்டறையிலிருந்து, இருபத்துநான்கு வயதுப் பெண்ணொருத்தி கையால் வெயிலை மறைத்தபடி வெளியே வந்தாள். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த செண்பகவல்லியிடம், கப்பல் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

“எந்தக் கப்பலு?” என்றாள் செண்பகவல்லி, நிமிராமலே.

“எங்கள ஏத்திட்டுப் போற கப்பலு. எனக்குக் காய்ச்சல்னு எறக்கி விட்டுட்டாங்க. அடுத்ததுல ஏத்துறோம்னாங்க.”

“இங்க கப்பல் வந்து எத்தினியோ காலமாச்சு. தள்ளி நில்லு தங்கச்சி, தூசி படுது.”

அதற்குப் பிறகுதான் செண்பகவல்லி நிமிர்ந்தாள்; முழங்காலுக்குக் கீழே எட்டாத கந்தலையும், தோளைத் தொட வளர்ந்து நகையில்லாமல் தொங்கிய காதுகளையும், கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த ஓலைத் துண்டையும், சேலைத் தலைப்பில் இறுக்கி முடிந்திருந்த சின்ன முடிச்சையும் பார்த்தாள்; பார்த்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, “சாப்ட்டியா?” என்று கேட்டாள். எங்கிருந்து வந்தாய் என்பது கொடிமரத்துறையில் எப்போதும் இரண்டாவது கேள்வி.

அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டியவள் தாரிணி. முப்பத்தெட்டு வயது, வரலாற்றில் முதுகலைப் பட்டம், கோட்டை வாசலில் நுழைவுச்சீட்டு கிழிக்கும் ஒப்பந்த வேலை, ஏழு வருடமாக அடுத்த வருடம் நிரந்தரம் என்ற வாக்குறுதி. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு. சடைச்சி என்று பெயர் சொன்ன அந்தப் பெண் பிறந்தபோது இந்த நாடே பிறந்திருக்கவில்லை என்பதால் அவள் எந்த நாட்டவள் என்று விதிப்புத்தகத்தில் இல்லை, அதுவுமல்லாமல் அவள் உள்ளே வரவில்லை, உள்ளேயே இருந்திருக்கிறாள், ஆகவே நுழைவுச்சீட்டே தேவையில்லை என்று தாரிணி பத்து நிமிடத்தில் முடிவுசெய்து பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். அந்த ஆண்டில் அந்தக் கோட்டையில் எடுக்கப்பட்ட முடிவுகளில் அறிவுள்ளது அது ஒன்றுதான்.

மாலை ஐந்தரைக்குக் காவலாளி சவரிராயன் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றியபோது சடைச்சியும் கூட்டத்தோடு வாசல்வரை வந்தாள். வந்து, நிலைக்கல்லுக்கு ஒரு விரற்கடை முன்னே கால்விரல்களை ஒடுக்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

“வெளிய வா புள்ள, கதவச் சாத்தணும்.”

“நான் வித்த பொருளு அண்ணே. வாங்காம எப்பிடி வாசலத் தாண்டுறது?”

பூட்டிய பின் எவரும் உள்ளே இருக்கக் கூடாது என்பது சட்டம். சவரிராயன் தலையைச் சொறிந்துகொண்டு சட்டத்தையும் சடைச்சியையும் மாறி மாறிப் பார்த்து, பீரங்கி உள்ளேதானே இருக்கிறது, அதை யாராவது வெளியே போகச் சொல்கிறார்களா என்று தனக்குத்தானே வாதாடி, தன் வீட்டிலிருந்து ஒரு பாயும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

இப்படித்தான் ஊர் அவளை எடுத்துக்கொண்டது, ஒரு புதுக் கிணற்றை எடுத்துக்கொள்வதைப்போல, வாயைப் பிளக்காமல், வாளியைக் கொண்டுவந்து. மீனவர் குப்பத்துப் பெண்கள் காலையில் கூடையை வாசலில் இறக்கிவைத்து, இந்த மீன் உன் காலத்தில் இருந்ததா, அந்த மீன் இருந்ததா என்று ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினார்கள். அவள் பெயர் சொன்ன மீன்களில் நான்கு இப்போது இந்தக் கடலில் இல்லை என்று தெரிந்து கூடைகளை மூடிக்கொண்டார்கள். தக்காளியை அவள் நம்பவில்லை, கடைசிவரை நம்பவில்லை. அவளுடைய பேச்சு கீரைக்காரிக்கும் இட்லிக் கடைக்காரிக்கும் முழுதாகப் புரிந்தது; அதைக் கேட்டு எழுத வந்த கல்லூரிப் பேராசிரியர்கள் இருவருக்கும் பாதிதான் புரிந்தது, மீதியைத் தங்களுக்குள் சண்டையிட்டு நிரப்பிக்கொண்டார்கள். ஊரின் மூன்று சாதிச் சங்கங்களும் மாலையோடு வந்து, அவள் தங்களைச் சேர்ந்தவளா என்று பக்குவமாக விசாரித்தன. “பஞ்சத்துல அத யாரு கேட்டா?” என்றாள் அவள். மாலைகளை வந்த வழியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பூக்காரி மட்டும் அவற்றைப் பாதி விலைக்குத் திரும்ப வாங்க மறுத்தாள்.

புகைப்படத்துக்காக மதில்மேல் ஏறும் மணப்பெண்களைப் பார்த்தால்தான் அவள் முகம் வெளுத்தது. ஒருநாள் பாசிப்பச்சைப் பட்டு உடுத்திய ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னயுமா ஏத்தப் போறாங்க? எதுக்குச் சிரிக்கிற?” என்று கேட்டாள். மணப்பெண் அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒரு வாரம் வைத்திருந்து, அந்தக் கல்யாணத்தை நிறுத்திவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. அது வேறு கதை, நல்ல கதை.

சேலை முடிச்சில் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். “தவிடு” என்றாள். அதற்குமேல் செண்பகவல்லியிடம் மட்டும் சொன்னாள், வேப்பமரத்து நிழலில், மதியச் சோற்றைப் பகிர்ந்து உண்ணும்போது.

அவளுக்கு முதலில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நான்காவதாகப் பெண் பிறந்தபோது, தங்காத வீட்டில் செய்வதைச் செய்தாள்: பிறந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு, இது என் பிள்ளையில்லை என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு கைப்பிடித் தவிடு கொடுத்து அதை விலைக்கு வாங்கினாள். தவிட்டுக்குப் போகிற பிள்ளையை எமனும் ஒரு பொருட்டாக எண்ணமாட்டான் என்பது கணக்கு. தவிட்டாயி என்று பெயர் வைத்தாள், எமன் ஏமாந்தான், பிள்ளை தங்கியது. பிள்ளைக்கு மூன்று வயதான பிறகு மூன்று வருடம் வானம் பெய்யவில்லை. ஏரி வெடித்தது, மாடு செத்தது, புருஷன் வடக்கே வேலை தேடிப் போனவன் திரும்பவில்லை. கோட்டையில் கம்பெனிக்காரர்கள், தன்னை விற்றதாக ஓலையில் கீறல் போடுகிறவர்களுக்கு நெல் அளந்தார்கள். விற்பது என்றால் சடைச்சிக்குத் தெரிந்தது ஒரே ஒரு விற்பனைதான். சாவை ஏமாற்ற விற்பது. பிறகு தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது. அவள் கீறினாள்.

“புள்ளைக்கு ஆறு வயசு. வாசல்ல பக்கத்து வீட்டுக்காரி கையில குடுத்தேன். வீட்டுல இருந்த கடைசித் தவிட்ட ரெண்டாப் பிரிச்சு, பாதிய முடிஞ்சுக்கிட்டேன், பாதிய அது கையில வச்சேன். மழ பேஞ்சதும் இதக் கொண்டாந்து என்ன வாங்கிக்கன்னேன்.” முடிச்சை அவள் விரல்கள் தடவிக்கொண்டே இருந்தன. “பசிச்ச புள்ளைக்கா. கையில தவிட்ட வச்சிக்கிட்டு எப்பிடி இருக்கும்? தின்னுருக்கும். தின்னிருந்தாலும் கோவமில்ல. வந்து, ஆத்தா தின்னுட்டேன்னு சொன்னாப் போதும்.”

செண்பகவல்லி சோற்றை மேற்கொண்டு உண்ணவில்லை. மாலைக்குள் ஊர் முழுக்க அறிந்தது. மறுநாள் காலை கோட்டை வாசலில் தவிடு குவிந்தது. நெல் அரவை ஆலைக்காரர் இரண்டு மூட்டை இறக்கினார், வணிகர் சங்கம் பட்டுத்துணியில் முடிந்து தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தது, பள்ளிப் பிள்ளைகள் பென்சில் டப்பாக்களில் கொண்டுவந்தார்கள். சடைச்சி ஒவ்வொருவரையும் கும்பிட்டாள், ஒன்றையும் தொடவில்லை. என் பிள்ளை கையில் கொடுத்த தவிடு வேண்டும் என்றாள். ஊரின் பசுக்கள் ஒரு வாரம் கோட்டை வாசலை விட்டு அசையவில்லை.

இது இப்படியே போயிருக்கும். ஆனால் யாரோ எடுத்த கைப்பேசிக் காட்சி தலைநகரத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு கடிதமாகத் திரும்பி வந்தது. பாதுகாக்கப்பட்ட வளாகத்துக்குள் கண்டெடுக்கப்படும் எப்பொருளும் அரசுடைமை. மேற்படி பொருளுக்குக் கொ.து. 214 என்று எண் வழங்கப்படுகிறது. வெள்ளிக்கிழமை காலை வாகனம் வரும். தலைநகரத்தில் குளிரூட்டப்பட்ட கண்ணாடி அறையொன்று தயாராகிறது. பொருளை அப்புறப்படுத்த எவரேனும் துணைபோனால் பணிநீக்கம். நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட கடிதம் என்பதில் சந்தேகமில்லை. அவளைக் கப்பலேற்ற எழுதிய ஓலையும் நல்ல கையெழுத்தில்தான் இருந்தது.

தாரிணிதான் அதைச் சீட்டுக் கொடுக்கும் சன்னல் வழியாக வாசித்துக் காட்டினாள். சடைச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த ஊருல கடல் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப எம் மவ எந்த வாசலுக்கு வருவா?” கம்பிகளை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். “அக்கா, நீ படிச்சவ. அவங்களுக்கு எழுது. நான் எங்கயும் வரமுடியாதுன்னு எழுது. எம் புள்ளைக்குச் சொல்லிட்டு வந்துருக்கேன். பசிச்சாலும் திங்காத, பாம்பு வந்து கேட்டாலும் குடுக்காத, ஆத்தா வாசல்ல இருக்கேன். அப்பிடிச் சொல்லிட்டு வந்துருக்கேன்.”

தாரிணியின் கையிலிருந்த கடிதம் மேசைமேல் விழுந்தது.

அவள் வீட்டில், அரிசிப் பானைக்கு மேலுள்ள பலகையில், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதற்கு முன் அது எவர்சில்வர் டப்பாவாக இருந்தது, அதற்கு முன் பித்தளைச் செம்பாக, அதற்கு முன் கலயமாக. உள்ளே ஒரு கைப்பிடித் தவிடு. ஒவ்வொரு தை மாதமும் புதுத் தவிடு ஒரு பிடி எடுத்துப் பழையதோடு கலந்து, கலந்ததில் ஒரு பிடியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும். பழையது முழுதாய்த் தீர்ந்துவிடக் கூடாது. ஏன் என்று தாரிணியின் அம்மாவுக்குத் தெரியாது, அம்மாவின் அம்மாவுக்கும் தெரியாது. அம்மா மகளிடம் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய சொற்கள் மட்டும் தெரியும். பசிச்சாலும் திங்காத, பாம்பு வந்து கேட்டாலும் குடுக்காத, ஆத்தா வாசல்ல இருக்கா. எந்த வாசல் என்று தாரிணி பதினைந்து வயதில் கேட்டு, வாயாடி என்று பெயர் வாங்கினாள். அந்த வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெண்ணுக்கு ஒரே பெயரை வைப்பதும் வழக்கம். அவளுடைய பள்ளிச் சான்றிதழில் இருந்த அந்தப் பெயரைக் கல்லூரி விடுதியில் பெண்கள் மாட்டுத் தொழுவத்தோடு சேர்த்துப் பாடிய பிறகு, அவள் தன்னைத் தாரிணி ஆக்கிக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாட்டிலை அடுத்து யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியைத் தை மாதத்துக்குத் தை மாதம் தள்ளிவைத்துக்கொண்டிருந்தாள். சடைச்சியின் தவிட்டுக் கதை காதில் விழுந்தபோதும், ஊருக்கு ஊர் இருக்கிற வழக்கம்தானே என்று ஒதுக்கியிருந்தாள்; அந்தச் சொற்களை ஒதுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் அவள் பெரியவர்களுக்குச் சிறுவர் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தாள். ஏழு வருட வேலை, அந்தக் கடிதத்தின் கடைசி வரி, ஒருவருக்கும் சொல்லாமல் மூடிவைத்த பெயர் எல்லாம் சன்னலுக்கு உள்ளே அவளோடு நெருக்கி உட்கார்ந்திருந்தன. வெளியே, நிலைக்கல்லுக்கு ஒரு விரற்கடை உள்ளே, தன்னைவிடப் பதினான்கு வயது இளையவளான அவளுடைய ஆத்தா, பார்வையாளர்களின் முகங்களைத் தாண்டி, இடுப்பு உயரத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாகனம் வந்தது. தெர்மோகோல் பலகைகளும், பஞ்சுப் பொதிகளும், கயிறும் இறங்கின. பின்னாலேயே அதிகாரி ஞானமூர்த்தி இறங்கினார். கெட்ட மனிதர் அல்ல; வழியில் மூன்று கோயில்களில் நிறுத்தி வந்தவர், நெற்றியில் மூன்று கோயில்களின் திருநீறும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. வாசலை அடைத்து நின்ற ஊரைப் பார்த்து அவர் கோபப்படவில்லை, களைத்துப்போனார்.

“நல்லபடியாத்தான் வச்சிக்கப் போறோம். ஏசி ரூம். தினம் ஆயிரம் பேர் வந்து பார்ப்பாங்க.”

“உங்க வீட்டுப் பொண்ண வைங்க சார் ஏசி ரூம்ல” என்றாள் செண்பகவல்லி. “அதுவும் எங்களாட்டம் வேர்வையில கெடந்து தவிக்குமே பாவம்.”

கூட்டம் சிரித்தது. அவர் கையிலிருந்த தாளைப் பிரித்து, “பொருள் தற்போது யாருடைய பொறுப்பில் உள்ளது?” என்று வாசித்து, விடையையும் தாமே வாசித்தார்: “எனது பொறுப்பில்.”

அந்தச் சொல்லுக்காகத்தான் தாரிணி காத்திருந்தாள். விற்பனைக்கு உடைமைக்காரர் ஒருவர் வேண்டும். சீட்டறைக் கதவைத் திறந்துகொண்டு, தலைக்குக் குளித்த ஈரக்கூந்தலோடு, இரண்டு கைகளாலும் பாட்டிலை ஏந்தி நடந்து வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. அதிகாரியின் முன் நின்று, மூடியைத் திறந்து, தாழ்ந்த குரலில், “சார், கை நீட்டுங்க” என்றாள்.

குளித்த பெண்ணொருத்தி ஈரத்தலையோடு வந்து கையை நீட்டுங்கள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த மனிதருக்கு மூன்று வயதில் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது. அவர் யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றினார், தாளைக் கக்கத்தில் இடுக்கினார், வலக்கையைக் குழித்து இடக்கையை அடியில் கொடுத்துப் பணிவோடு நீட்டினார். அவள் கவிழ்த்தாள். அவர் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “எந்தக் கோயில்மா?” என்று கேட்டார்.

“கோயில் இல்ல சார். தவிடு. எங்க ஆத்தாள உங்ககிட்டேருந்து வாங்கிட்டேன்.”

துப்புவதா விழுங்குவதா என்று அவர் கண்கள் இருபுறமும் அலைந்தன. பிறகு தொண்டை ஏறி இறங்கியது.

“முழுங்கிட்டாருடி!” என்று குப்பத்துப் பெண்களில் ஒருத்தி கத்தினாள்.

சடைச்சி சிரிக்கவில்லை. அவள் தாரிணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தினமும் பார்த்த முகத்தை, சன்னல் கம்பி இல்லாமல்.

“நீ ஆரு அக்கா?”

சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைத் தாரிணி கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டாள். ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

“தவிட்டாயி.”

சடைச்சி கையை நீட்டினாள். பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்த தவிட்டுப்பொடியை ஒற்றை விரலால் தொட்டாள்.

“திங்கலயா?”

“திங்கல. ஒருத்தரும் திங்கல.”

“பசிச்சுதா?”

“பசிச்சுது” என்றாள் தவிட்டாயி, அத்தனை பேருக்கும் சேர்த்து.

சடைச்சி தன்னைவிட மூத்த அந்த மகளின் ஈரத்தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டினாள். நீர்கோத்துக்கொள்ளும் என்று ஏசினாள். பிறகு, ஓடையைத் தாண்டுகிறவள்போல ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிலைக்கல்லைத் தாண்டினாள். தேநீர்க் கடை வாசலில் வந்து தன் முடிச்சை அவிழ்த்தபோது, அங்கே கட்டியிருந்த ஆடு தலையை நீட்டி அந்தத் தவிட்டை ஒரே வாயில் தின்றது. அவள் தடுக்கவில்லை. இனி அது வெறும் தவிடுதான்.

ஞானமூர்த்தி வண்டியில் உட்கார்ந்து நெடுநேரம் எதுவும் எழுதாமல் இருந்தார். கடைசியில், கொ.து. 214 என்பதற்கு எதிரே, உரியவரால் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டார். பங்குனியில் தவிட்டாயியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதற்குக் காரணம் எதுவும் கூறப்படவுமில்லை. விற்ற ஆட்களை அடைத்துவைத்த அறைமேல் தொங்கிய ‘மிளகு அறை’ என்ற பெயர்ப்பலகையை யாரோ கழற்றிக் கடலில் எறிந்தார்கள். மூன்று மாதத்தில் புதியது வந்தது. அதுவும் கடலுக்குப் போயிற்று. இப்போது அந்த இடத்தில் இரண்டு ஆணிகள் மட்டும் இருக்கின்றன.

சடைச்சி அதன் பிறகு கொடிமரத்துறையில் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தாள். தவிட்டாயியின் வீட்டிலேயே இருந்தாள். குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயர் ஏறியது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்குப் போடுகிற ஜனவரி ஒன்றை அவளுக்கும் போட்டார்கள். இருவருமாகக் கோட்டைக்கு எதிரே வேர்க்கடலை அவித்து விற்றார்கள். கோட்டைக்குள் அவள் மறுபடி கால் வைக்கவில்லை. மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டு இரண்டு முறை விழுந்தாள். வானம் கறுத்தால் மட்டும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போய், மழை தொடங்கும்வரை நின்றுவிட்டு வருவாள். நாற்பத்துமூன்றாம் வயதில், ஐப்பசி மாதம், மஞ்சள் காமாலை கண்டு பதினாறு நாள் படுத்திருந்து இறந்தாள். இறப்புப் பதிவேட்டில் உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதி, ஐம்பத்தேழு வயதான தவிட்டாயி தன் முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.